பஸ்ஸில் போய் மலை ஏறிய பிலோமினா

செய்தி வந்தபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் வல்லாரைக் கட்டு ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்றேன். தொலைபேசியில் பிலோமினாவின் தங்கை மகள். "அன்ரி, பெரியம்மா காலைல போயிட்டாங்க. தூக்கத்திலேயே போயிட்டாங்க" என்றாள். "எத்தினை மணிக்கு?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு பொருத்தமில்லாத கேள்வி என்று உறைத்தது. ஆனால் பிலோமினாவும் நானும் ஒருவரையொருவர் வாழ்க்கையில் அதிகம் கேட்ட கேள்வி அதுதான். எத்தனை மணிக்கு பஸ், எத்தனை மணிக்கு இறங்குவது, எத்தனை மணிக்குத் திரும்புவது. பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது. "அஞ்சு மணி இருக்கும் அன்ரி" என்று அந்தப் பிள்ளையும் பொறுமையாகச் சொன்னாள்.

மறுநாள் வத்தளையில் திருப்பலி முடிந்து அடக்கத்துக்குச் சேமக்காலைக்குப் போகுமுன் சிலர் பேசினார்கள். ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஒருவர், புதுக்கடை நீதிமன்றங்களில் பிலோமினா மொழிபெயர்த்த காலத்தில் ஒரு சொல் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை என்றார். உண்மை. பங்குத் தந்தை அவருடைய பாடகர் குழுவைப் பற்றிச் சொன்னார். அதுவும் உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசியவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தவள் நான், நான்தான் அன்று வாய் திறக்காமல் பின்வரிசையில் இருந்தேன். அவரை வேலைநாட்களில் மட்டும் அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவோடு வந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தேன். கனடாவிலிருந்த அண்ணா எங்களைக் கூப்பிட முயன்றுகொண்டிருந்தார். 'இன்னும் ஆறு மாதம்' என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் வரும். இடைப்பட்ட காலத்துக்கென்று புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டெழுத்து வேலைக்குச் சேர்ந்தேன். சத்தியக் கடதாசிகளில் மொழி சரியா என்று பார்க்க நீதிமன்றத்திலிருந்து பிலோமினா வருவார். வெள்ளைச் சேலை, தோளில் துணிப்பை, வெயிலில் கறுத்த கைகள். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். நான் அவரை 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டேன், கடைசிவரை அப்படித்தான். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொட்டாஞ்சேனையில் தங்கையோடு குடியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை என் மேசையருகே நின்று கேட்டார்.

"வசந்தி, ஞாயித்துக்கிழமைல என்ன செய்வீங்க?"

"ஒண்டுமில்லை மிஸ். உடுப்புத் தோய்ப்பன்."

"இந்த வாரம் சனிக்கிழமை தோச்சிருங்க. ஞாயித்துக்கிழமை ஒரு ஏரி பாத்துட்டு வருவோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நாட்களில் நாங்கள் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும், அலுவலகத்திலிருந்து வீட்டுக்கும் போவதே ஒரு பெரிய காரியம். கைப்பையில் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுப் பத்திரத்தின் பிரதி, வேலைக் கடிதம். எங்காவது குண்டு வெடித்தால் இரண்டு வாரத்துக்கு அம்மா என்னைப் பால் வாங்கவும் விடமாட்டார். ஏரி பார்க்கவென்று யார் போவார்கள்?

அனுமதி கேட்க பிலோமினா தானே வீட்டுக்கு வந்தார். அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு நேரடியாகவே சொன்னார்: "பிள்ளை, குறை நினைக்காதையும். இந்தக் காலத்திலை ஊர் சுத்தப் போய் ஆமி பிடிச்சால் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

"அம்மா, வீட்டுக்குள்ள இருந்தா பிடிக்கமாட்டோம்னு அவங்க யாருக்கும் சொல்லலியே" என்றார் பிலோமினா. குரலில் வாதம் எதுவும் இல்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அதற்கு முந்தின மாதம்தான் ஆமிக்காரர் விடியற்காலையில் கதவைத் தட்டி, எங்கள் இருவரையும் இறக்கி, காலி வீதி ஓரத்தில் பத்து மணிவரை நிறுத்திவைத்திருந்தார்கள். அம்மா, "பின்னேரம் அஞ்சு மணிக்கு முதல் வந்திட வேணும்" என்றார். "நாலரைக்கே வந்துருவோம்" என்றார் பிலோமினா. வந்தோம்.

அது போல்கொடை ஏரி. காலி வீதியில் மொரட்டுவை பஸ் பிடித்து, இன்னொரு சின்ன பஸ் மாறி, அரை மணி நேரம் நடந்தோம். பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர், கரையில் கண்டல் மரங்கள், ஒரு மீன்பிடிப் படகு. ஆனால் யாரும் என்னை எதுவும் கேட்காமல் இரண்டு மணி நேரம் கழிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜன்னலோரம் நித்திரை கொண்டுவிட்டேன். வெள்ளவத்தையில் பிலோமினா தட்டி எழுப்பினார்.

அப்படித் தொடங்கியது. மாதத்தில் ஒரு ஞாயிறு, சில மாதங்களில் பௌர்ணமி விடுமுறையான போயா நாளும். வாடகைக்கு வான் பிடிப்பதில்லை, அதற்கு வசதியும் இல்லை, அவருக்கு விருப்பமும் இல்லை. "வான்ல நம்ம ரெண்டு பேரா போனா யாரு இவங்கன்னு கேப்பாங்க. பஸ்ல போனா நாமளும் சனம்" என்பார். அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. சாப்பாட்டுப் பார்சலை உச்சியில்தான் பிரிக்க வேண்டும். கடைசி பஸ்ஸுக்கு அரை மணி நேரம் முன்பாகத் தரிப்பிடத்தில் நிற்க வேண்டும். "மலை எங்கயும் போகாது வசந்தி. பஸ்தான் போயிரும்."

இந்த இரண்டாவது சட்டத்துக்காக நான் அவரோடு ஒருமுறை கோபித்திருக்கிறேன். கண்டி பஸ்ஸில் கடுகண்ணாவையில் இறங்கி, அங்கிருந்து ஓர் ஊர் பஸ் பிடித்து அலகல்லை மலைக்குப் போனோம். வழியில் இரண்டு இடத்தில் எல்லாரையும் இறக்கிச் சோதித்ததில் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. காட்டுப் பாதையில் ஏறி, மரங்கள் குறைந்து, உச்சிப்பாறை தலைக்கு மேல் தெரிகிறது. இன்னும் இருபது நிமிடம் இருக்கும். பிலோமினா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "திரும்புவோம்."

"மிஸ், உங்கை தெரியுதே!"

"தெரியுது. மூணே முக்கால் பஸ்ஸ விட்டா, இருட்டுல ரெண்டு தமிழ்ப் பொம்பளைங்க கடுகண்ணாவ சந்தியில நிக்கணும். உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

இறங்கும்போது நான் அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். பாதி வழியில் ஒரு பாறையில் அவரே பார்சலைப் பிரித்து, "இன்னைக்கு இதான் உச்சி" என்று சொல்லி என் பங்கு முட்டையை என் கையில் வைத்தார். கோபத்தோடு முட்டை சாப்பிடுவது கடினம். மூன்றேகாலுக்குத் தரிப்பிடத்தில் நின்றோம். பஸ் அன்று பத்து நிமிடம் முந்தியே வந்துவிட்டது. அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதுதான் அவருடைய பெருந்தன்மை.

அவரை நான் முழுதாக அறிந்தது காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நடந்த சம்பவத்தில்தான். சனிக்கிழமை அட்டனில் அவருடைய சின்னம்மா வீட்டில் தங்கி, ஞாயிறு காலை நீர்த்தேக்கம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். ஏரிக்கு மேலே ஒரு தேயிலைக் குன்று; அவர் சிறுவயதில் ஏறிய குன்று. அணைக்கட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸை மறித்தார்கள். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. "கொஹெத யன்னே?" எங்கே போகிறீர்கள் என்று ஒரு சிப்பாய் கேட்டான். "கந்த நகின்ன" என்றார் பிலோமினா. மலை ஏற. அவன் நம்பவில்லை. பையைக் கவிழ்த்தான். சோற்றுப் பார்சல், சவர்க்காரம், தண்ணீர்ப் போத்தல். கூடவே கொப்பித் தாளில் கையால் வரைந்த ஒரு வரைபடம். வீதி, ஏரி, பாலம், அணைக்கட்டு எல்லாம் அதில் இருந்தன. அதைச் சுற்றித் தமிழில் குறிப்புகள்.

பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. பக்கத்திலிருந்த காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மர வாங்கில் இரண்டு மணி நேரம் இருந்தோம். அம்மாவுக்கு யார் சொல்வார்கள், சொன்னால் அம்மா தனியே எந்த வாசலில் போய் நிற்பார் என்றே மனம் ஓடியது. பிலோமினா என் கைமேல் தன் கையை வைத்திருந்தார். அவருடைய கையும் குளிர்ந்துதான் இருந்தது.

பொறுப்பதிகாரி வந்தார். இளவயது மனிதர். வரைபடத்தை மேசையில் விரித்தார். பிலோமினா தன் வேலையைச் சொன்னதும், "அப்படியானால் மொழிபெயர். ஒவ்வொன்றாக" என்றார் சிங்களத்தில். எனக்கு அந்த மொழி அரைகுறையாகத்தான் புரியும். ஆனால் பிலோமினா எழுந்து நின்று, முதலில் தமிழில் வாசித்து, பிறகு சிங்களத்தில் சொன்னார். நீதிமன்றத்தில் கேட்கும் அதே குரல். ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை.

"இங்கே அட்டை அதிகம். காலில் சவர்க்காரம் பூசவும்."

அதிகாரி எழுதிக்கொண்டார்.

"இந்தக் கடையில் வடை நல்லது. தேநீர் நல்லதில்லை."

எழுதிக்கொண்டார்.

"இந்த வீட்டு நாய் கடிக்கும். மேல் பாதையால் போகவும்."

கதவருகே நின்ற கான்ஸ்டபிள் தொண்டையைச் செருமினான். அந்த நாய் போன மாதம் தன்னையும் கடித்ததாகச் சொன்னான். அதிகாரி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குன்றின் பாதியில் இருந்த கடைசிக் குறிப்பில் விரலை வைத்தார். அன்று முதன்முறையாக பிலோமினா தயங்கினார். பிறகு வாசித்தார்.

"இங்கே வசந்தி களைத்துப்போவாள். பத்து நிமிடம்."

"வசந்தி யார்?"

பள்ளிக்கூடத்தில்போல நான் கையை உயர்த்தினேன். அதிகாரி என்னைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "உண்மையிலேயே அங்கே களைப்பாளா?"

"இதுவரைக்கும் என் கணக்கு பிழைத்ததில்லை சேர்" என்றார் பிலோமினா.

அதிகாரி பேனையை வைத்துவிட்டார். வரைபடத்தை மட்டும் தன் மேசை இழுப்பறையில் போட்டார். இது படம் வரையும் காலமில்லை, வழி தெரியாவிட்டால் ஆட்களைக் கேளுங்கள் என்றார். அவ்வளவுதான். அந்தக் காலத்தில் எத்தனையோ பேருக்கு அது அப்படி முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த மேசையில் வேறோர் அதிகாரி இருந்திருந்தால் எங்களுக்கும் எப்படி முடிந்திருக்குமோ. வெளியே வந்ததும் வேலியோரம் நின்று நான் வாந்தி எடுத்தேன். பிலோமினா தண்ணீர் தந்தார்.

"அட்டனுக்கே போயிருவோமா?" என்று கேட்டார்.

கடைசி பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் மீதி இருந்தது. "ஏறுவம் மிஸ்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை நான் வியப்பதுண்டு. வரைபடத்தில் குறித்திருந்த அந்த இடம் வந்தபோது மூச்சு முட்டியது. ஆனாலும் பிடிவாதமாக நிற்காமல் நடந்தேன். பத்து அடிதான் போயிருப்பேன். அப்படியே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். பிலோமினா சிரித்த சிரிப்பு கீழே ஏரிக்குக் கேட்டிருக்கும். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உச்சியில் காற்று பலமாக இருந்தது. ஏரி மலைகளுக்கிடையே விரல்களை நீட்டிக்கொண்டு கிடந்தது. தான் படித்த பள்ளிக்கூடத்தின் கூரையைக் காட்டினார். இறங்கி வந்து அந்தக் கடையில் தின்ற வடை நல்ல வடைதான். தேநீரும் அவர் எழுதியபடிதான்.

அதன் பிறகு அவர் வரைபடம் வரையவில்லை. அதிகாரி சொன்னபடி ஆட்களைக் கேட்டோம். அப்படிக் கேட்டதால்தான் அலகல்லைக்கு இரண்டாம் முறை போனபோது ஒரு வீட்டு முற்றத்தில் நின்றோம். மழை வந்துவிட்டது. ஐம்பது வயதிருக்கும் ஒரு சிங்களப் பெண் உள்ளே கூப்பிட்டு, கித்துள் மரத்துக் கருப்பட்டியோடு வெறும் தேநீர் தந்தார். சுவரில் இராணுவ உடையில் ஓர் இளைஞனின் படம். "மகன். யாழ்ப்பாணத்தில் இருக்கிறான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். பிலோமினா மொழிபெயர்த்தார்.

அந்த அம்மா ஆவலோடு கேட்டார்: "அங்கே வெயில் அதிகமாமே? தண்ணீர் உப்பாமே?" மகன் கடிதத்தில் எழுதியிருந்தானாம். எந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்று நான் கேட்டேன். ஒரு கோவிலின் பெயரைச் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கோவில் மணி கேட்கும்.

என் நெஞ்சில் ஏதோ கிளம்பியது. "மிஸ், சொல்லுங்கோ. அது எங்கடை ஊர். எங்கடை வீட்டிலை இப்ப ஆமிதான் இருக்கு. நாங்கள் உடுத்த உடுப்போடை வெளிக்கிட்டனாங்கள்."

பிலோமினா மெல்லிதாக ஏதாவது மாற்றிச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் மாற்றவில்லை. அதே குரலில், அத்தனையையும் சொன்னார். அந்த அம்மாவின் முகம் வாடிப்போனது. தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். பிலோமினா என் பக்கம் திரும்பினார்.

"'உங்க வீட்டுல கிணறு இருக்கா'ன்னு கேக்கிறாங்க."

"இருக்கு."

"'அது நல்ல தண்ணியா?'"

எங்கள் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. கோடையில் பக்கத்து வீடுகளிலிருந்தும் குடத்தோடு வருவார்கள். அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல தண்ணி எண்டு சொல்லுங்கோ, மிஸ். குடிக்கலாம்."

பிலோமினா சொன்னார். அந்த அம்மா எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். பிறகு உள்ளே போய், மீதிக் கருப்பட்டியை வாழையிலையில் சுற்றிக்கொண்டு வந்து என் அம்மாவுக்குக் கொடுக்கச் சொன்னார். மழை விட்டபோது உச்சிக்குப் போக நேரம் இல்லை. அலகல்லை உச்சியை நான் இன்றுவரை மிதித்ததில்லை.

பஸ்ஸில் கேட்டேன்: "மிஸ், நான் கோவத்திலை சொன்னதைக் கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொன்னத நான் மாத்தியிருந்தா, அவங்க பேசினது உங்ககூட இல்ல, என்கூட" என்றார். சற்றுக் கழித்து, "கிணத்தப் பத்தி அவங்க கேட்டதையும் மாத்தல பாருங்க" என்றார். அவருடைய தொழிலை நான் விளங்கிக்கொண்டது அந்த பஸ்ஸில்தான், புதுக்கடையில் அல்ல.

கருப்பட்டியை யார் தந்தது என்று அம்மாவுக்கு முழுதாகச் சொன்னேன். அம்மா அதை மூன்று நாள் அலுமாரியில் வைத்திருந்தார். நாலாம் நாள் எடுத்துத் தேநீரோடு கடித்தார். அந்த மகன் திரும்பி வந்தானா என்று தெரியாது. கேட்டறிய நாங்கள் மீண்டும் போகவில்லை. போகாதது எங்கள் பயம்தான்.

பின்னர் அம்மாவுக்கு விசா வந்தது, எனக்கு வரவில்லை. இரண்டாம் முறை விண்ணப்பிக்கச் சொன்னார் அண்ணா. நான் விண்ணப்பிக்கவில்லை. அதற்கு மலைகள் மட்டும் காரணமல்ல. ஆனால் அவை காரணமே அல்ல என்று சொன்னால் பொய்யாகிவிடும். போர் முடிந்த காலத்தில் பிலோமினாவின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. அப்போதும் பஸ்ஸை விடவில்லை. காலையில் ஏறி, ஜன்னலோரம் இருந்து ஏரியும் மலையும் பார்த்து, அதே பஸ்ஸில் திரும்பி வருவோம். "ஏறினவங்களுக்குத்தான் கீழருந்து பாக்கவும் தெரியும்" என்பார். அதைச் சொல்லும்போது அவரிடம் வருத்தம் தெரிந்ததில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் அந்த ஆண்டுகளைப் பற்றிக் கேட்பார்கள். கேட்பவர்கள் துயரத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள். நானும் நெடுங்காலம் அதை மட்டுமே சொன்னேன். வீடு போனதையும், வீதியில் நின்றதையும், திரும்பி வராதவர்களின் பெயர்களையும் சொன்னேன். மற்றதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை பேர் அழிந்துகொண்டிருந்தபோது நான் ஒரு குன்றின்மேல் காலை நீட்டி இருந்து தோடம்பழம் உரித்துத் தின்றேன் என்பதை எப்படிச் சொல்வது? சில மாதங்களுக்கு முன் இதை பிலோமினாவிடம் கேட்டேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். "சாட்சி சொல்றவங்க பாதிய விட்டுட்டுச் சொல்லக் கூடாது வசந்தி" என்றார்.

அதனால் இப்போது முழுதையும் சொல்கிறேன். அந்த ஆண்டுகளில் நான் எல்லாவற்றையும் இழந்தேன். அதே ஆண்டுகளில், மாதத்தில் ஒரு ஞாயிறு, நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். இரண்டையும் ஒரே குரலில் சொல்ல என்னால் முடிகிறது. பிலோமினாவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.